ரெடி, யுவர் ஆனர்

சொல்லிட்டேன். பாஸ் ஓவர்னு சொல்லத்தான் எழுந்தேன், வாயிலேருந்து வந்தது ரெடி யுவர் ஆனர். மெதுவா முணுமுணுத்திருந்தாலாவது ஃபேன் சத்தத்துல அமுங்கிப் போயிருக்கும். இல்லியே, கடைசி பெஞ்சுல தூங்கிட்டிருந்தவரு நிமிர்ந்து பாக்கற அளவுக்கு கணீர்னு ரெடி. ஜட்ஜ் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாரு. "ரெடியா? நல்லது. கால் ஒர்க் முடிஞ்சதும் முதல்ல உங்களோடதை எடுத்துக்கறேன்." எதிர்ப்பக்க வக்கீல் மைதிலி மேடம் எழுந்து, அவங்களுக்கே உரிய நிதானத்தோட, "நாங்களும் ரெடி யுவர் ஆனர்." முடிஞ்சுது. பெஞ்ச் கிளார்க் அடுத்த கேஸுக்குப் போயிட்டாரு. நான் உக்காந்துட்டேன், உக்காந்தேனா விழுந்தேனா தெரியல, கவுன் பாதி நாற்காலிக் கைப்பிடியில மாட்டி ஒரு பக்கம் தோள்லேருந்து நழுவுது. காலையில கோர்ட் உக்காந்ததும் கிளார்க் அன்னைக்கு இருக்கற கேஸையெல்லாம் வரிசையா வாசிப்பாரு, அதுதான் கால் ஒர்க். அவங்கவங்க கேஸ் வந்ததும் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். வாதாடத் தயாரா இருந்தா ரெடி. சீனியர் வேற கோர்ட்டுல மாட்டிக்கிட்டிருந்தா பாஸ் ஓவர், அதாவது கொஞ்சம் தள்ளி வெச்சு அப்புறமா கூப்பிடுங்க சாமின்னு கெஞ்சறது. ஜூனியருக்குன்னு விதிச்ச வார்த்தை அந்த ரெண்டாவதுதான். தணிகாசலம் சார் ஆபீஸ்ல சேர்ந்ததுலேருந்து இந்த மணிமொழி கோர்ட்டுல பேசுன சட்டமெல்லாம் பாஸ் ஓவர் மட்டும்தான். எத்தனை ஹால், எத்தனை ஜட்ஜ், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாஸ் ஓவர்னுதான் சொல்லுவேன். இன்னைக்கு மட்டும் என்னடி ஆச்சு உனக்கு?

வாய் தவறிடுச்சு. அவ்ளோதான். எல்லாருக்கும் தவறும். அம்மாவாலதான் தவறிச்சு. ராத்திரி பூண்டு உரிச்சுக்கிட்டே கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து ஜட்ஜா நடிச்சது யாரு? "இன்னாம்மா வக்கீலு, ரெடியா?" "ரெடி யுவர் ஆனர்." உடனே, "தள்ளுபடி." நான் இன்னும் வாயே தொறக்கலம்மா! "தள்ளுபடின்னா தள்ளுபடிதான். அடுத்த கேஸு கூப்புடு." டிவியில பாத்து அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும், நான் அடிச்சு விழுந்து சிரிச்சேன், மறுபடியும் மறுபடியும் ரெடி, தள்ளுபடி, ரெடி, தள்ளுபடி. அந்த ரெடிதான் நாக்குல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. சரி, அப்படின்னா எதுக்கு ராத்திரி ஒத்திகை பாத்த? பாஸ் ஓவருக்கு யாராவது ஒத்திகை பாப்பாங்களா? அதுவும் இந்தக் கேஸையே, மாவுக்கடை கேஸையே, யார் உன்னைப் பேசச் சொன்னது? காலையில படிக்கட்டுல சார் என்ன சொன்னாரு, "வேற கோர்ட்டுல எனக்கு குறுக்கு விசாரணை இருக்கு, லேட்டாகும், நீ ஒரு பாஸ் ஓவர் வாங்கிடு, மத்தியானத்துக்கு மேல வந்து நான் பேசிக்கறேன்," அவ்ளோ தெளிவா சொன்னாரு. சரிங்க சார்னு தலையாட்டினேன். ஆட்டும்போதே உள்ள எதுவோ சுருங்குச்சு, இந்தக் கேஸுமா. அப்ப வாய் தவறல. மனசுதான் முந்திக்கிச்சு. அடிப்பாவி, வேணும்னுதான் சொன்னியா? இல்ல. ஆமா. இல்லப்பா, சத்தியமா இல்ல. உள்ளங்கையெல்லாம் ஈரம், கேஸ் கட்டோட அட்டையில விரல் பதியுது. ஆனா ஒண்ணு சொல்லணும், பயமா இருக்கு, ரொம்பப் பயமா இருக்கு, அதுக்கும் கீழ வயித்துல ஒரு குறுகுறுப்பு, ராட்டினம் மேலேருந்து இறங்கும்போது வருமே அந்தக் குறுகுறுப்பு, கத்தணும் போல இருக்கு. ரெடின்னு சொன்னேன்ல, எப்படி இருந்துச்சு அந்த வார்த்தை! நல்லா இருந்துச்சு.

பின்னாடி திரும்பாத. ஜெசிந்தா அக்கா அங்கதான் இருக்காங்க, சுவத்தோரமா ரெண்டாவது பெஞ்சுல, மடியில ஒயர் கூடையை வெச்சுக்கிட்டு. திரும்பிப் பாக்காமலே அங்க இருக்கறது தெரியும், அந்த உளுந்து வாசனை. கொஞ்சம் புளிச்சது, கொஞ்சம் பச்சை. புளியந்தோப்புல அவங்க மாவுக்கடைக்குப் போனன்னைக்கு அந்த வாசனை என் சுடிதார்ல ஏறி துவைச்சும் போகல. பத்தடி அகலம் கூட இல்லாத கடை, சுவரெல்லாம் வெள்ளைத் தெறிப்பு, கிரைண்டர் ஓடுற சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது, எல்லாரும் கத்திக் கத்தித்தான் பேசிக்கணும். வீட்டுக்காரரு செத்தப்புறம் அக்காவும் அவங்க தங்கச்சியும்தான் ஓட்டுறாங்க. வாடகைக்கு எழுத்துல எதுவும் கிடையாது, அந்தக் காலத்துல வாய் வார்த்தைதான். இடத்தோட பழைய ஓனர் போய்ச் சேர்ந்ததும் அவரு மகன் சண்முகராஜுக்கு இடம் காலியா வேணும், ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பூட்டை உடைக்க வந்துட்டான். அக்கா ஷட்டருக்கு முன்னாடி படுத்துட்டாங்களாம். அதுக்கப்புறம்தான் நம்ம ஆபீஸுக்கு வந்து, கேஸ் போட்டு, யாரும் காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு இடைக்காலத் தடை வாங்கினோம். அந்தத் தடை இன்னைக்கு வரைக்கும்தான். இன்னைக்கு நீட்டிச்சாதான் உண்டு. நீட்டிக்கலன்னா சாயங்காலமே ஷட்டர்ல அவன் பூட்டு தொங்கும், கிரைண்டரெல்லாம் ரோட்டுல நிக்கும். இதைத்தான், இதைத்தான் மணிமொழி, நீ ரெடின்னு சொன்ன. உன் குறுகுறுப்புக்கு அந்தம்மா கடையா கெடைச்சுது? உன் ஆசையை ஏதாவது ஒரு செத்த கேஸுல காட்டியிருக்கலாமே. அந்தப் பக்கம் சண்முகராஜ் செல்போனை நோண்டிக்கிட்டு காலாட்டிக்கிட்டு இருக்கான்.

எழுந்து சொல்லிடலாம். இன்னும் நேரமிருக்கு, கிளார்க் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. மன்னிக்கணும் யுவர் ஆனர், தவறுதலா சொல்லிட்டேன், சீனியர் வரணும், பாஸ் ஓவர் கொடுங்க. கொடுத்துடுவாரு. ஒரு முறை முறைப்பாரு, ரெண்டு பேரு சிரிப்பாங்க, அவ்ளோதான், யாரும் சாகப் போறதில்ல. ஆபீஸுக்குப் போனா மத்த ஜூனியருங்க சிரிப்பாங்க, அதுவும் புதுசில்ல. "ஸ்கீம், அந்த கட்டை எடு." "ஸ்கீம் பொண்ணு வந்துட்டாப்பா." பேரு சொல்லிக் கூப்பிட்டா பல்லு கொட்டிடுமா உங்களுக்கு? ஆமாய்யா, ஸ்கீம்லதான் வந்தேன். சொந்தத்துல ஒரு வக்கீலும் இல்லாத, வீட்டுல வசதியும் இல்லாத பிள்ளைங்களைத் தேடிப் பிடிச்சு, பெரிய வக்கீல் ஆபீஸ்ல பயிற்சிக்கு உக்கார வெச்சு, மாசாமாசம் கைச்செலவுக்கும் கொடுக்கற டிரஸ்ட். அது இல்லன்னா நான் எங்க இருந்திருப்பேன்? படிச்சு முடிச்சு என்ரோல் பண்ணி, கருப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு, வக்கீல் ஆபீஸுங்க இருக்கற தம்புச் செட்டித் தெருவுல மாடி மாடியா ஏறி இறங்குனது எனக்குத்தான் தெரியும். உள்ள போனதும் முதல் கேள்வி, "வீட்டுல யாராவது ஃபீல்டுல இருக்காங்களாம்மா?" எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குறாரு, அதுவும் ஃபீல்டுதான், வெயில் அடிக்கற ஃபீல்டு. ரெண்டாவது கேள்வி இல்ல, அறிவுரை, "மூணு வருஷம் எதையும் எதிர்பாக்காம வர முடியும்னா வா." எதிர்பாக்காம இருக்க ஒருத்தருக்கு எவ்ளோ வசதி வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. கெட்டவங்கன்னு சொல்லல, தெரியாது. கலையரசனுக்கு அதுதான் ஆச்சு. கிளாஸ்ல அவன் எழுந்து பேசினா வாத்தியாரே பேனாவை மூடி வெச்சுட்டுக் கேப்பாரு. ஸ்கீம்ல எங்க காலேஜுக்குக் கொஞ்சம் இடம்தான், என் பேரு வந்துச்சு, அவன் பேரு வரல. இன்னைக்கு இந்த நேரத்துக்கு அவன் எவன் வீட்டுக்கோ பிரியாணி எடுத்துக்கிட்டு வண்டியில போயிட்டிருப்பான், அவ்ளோ பேச்சையும் ஹெல்மெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு. கோபம் வருதுடா கலை. உன்னை நெனைச்சா எனக்குக் கோபம்தான் வருது. இவ்ளோ பேரை வெளியில நிறுத்திட்டு உள்ள வந்தவ, பாஸ் ஓவர் பாஸ் ஓவர்னு நிக்கறதுக்கா வந்தேன்? இதோ, ஆரம்பிச்சுட்டேன் பாரு, மறுபடியும் என்னைப் பத்தியே. கடைம்மா. கடையைப் பத்தி யோசி.

சாருக்கு மெசேஜ் போட்டேன். சார், தவறுதலா ரெடின்னு சொல்லிட்டேன், சீக்கிரம் வாங்க. ஒத்தை டிக். போனை ஆஃப் பண்ணிட்டுத்தான் குறுக்கு விசாரணைக்கு நிப்பாரு, நடுவுல போய்க் கூப்பிடவும் முடியாது. கதவைப் பாக்கறேன். ஸ்விங் டோர் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் சார் வந்துட்டாரோன்னு பாதி எழுந்துடறேன். வந்துடணும் சார், அக்கா கடை தப்பிக்கும். வராதீங்க சார். ஐயோ, என்ன நெனைப்பு இது, வந்துடணும். வந்தா நான் கட்டை அவர் கையில கொடுத்துட்டு, அவர் கேக்கற பக்கத்தைப் புரட்டிக் கொடுத்துக்கிட்டு, பின்னாடி நிக்கணும். வராதீங்க, கொஞ்ச நேரம், ஒரே ஒரு கேஸு நேரம். கதவு ஆடுது. டவாலி. வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமா வெளியில எட்டிப் பாத்து யாரையோ மூணு தரம் கூப்பிட்டுட்டு உள்ள வர்றாரு. எனக்கு வந்தது ஏமாத்தமா நிம்மதியா? ரெண்டும் ஒரே இடத்துல வலிக்குது. மைதிலி மேடத்தைப் பாக்கறேன். கட்டு பிரிக்கவே இல்ல, கையில ஒரு பேப்பர் கூட இல்ல, பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுறாங்க. அவங்க பேசினா யாரு எழுந்து குறுக்க பேசுவாங்க? அந்தக் குரலுக்காகவே என் வேலை இல்லாத நாள்ல எல்லாம் இங்க வந்து பின்னாடி உக்காந்து கேட்டிருக்கேன். அப்படிப் பேசணும், அப்படி அவசரப்படாம நிக்கணும்னு. இன்னைக்கு அந்தக் குரல் என் மேலேயே வரப்போவுது. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், பதில் மனு எனக்கு மனப்பாடம். அதுல ஒரு ஓட்டை இருக்குன்னும் தெரியும். அன்னைக்கு ஆபீஸ்ல படிச்சதும் துள்ளிட்டேன், யார்கிட்டயாவது சொல்லணும்னு பாத்தா எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. கிளார்க் பக்கத்தைத் திருப்புறாரு, கடைசிப் பக்கம் வந்துடுச்சு.

அக்காகிட்ட சொல்லணும். சொல்லாம நின்னா அது திருட்டு. எழுந்து குனிஞ்சுக்கிட்டே பின்னாடி போனேன், பக்கத்துல உக்காந்தேன், அந்த வாசனை. "அக்கா, ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாதீங்க." "இன்னாமா? எங்க கீறாரு உங்க சாரு?" "அவரு வேற கோர்ட்டுல இருக்காருக்கா. தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கத்தான் என்னை அனுப்புனாரு. நான் தப்பா, தயாரா இருக்கோம்னு சொல்லிட்டேன். இப்பக் கூப்பிட்டுடுவாங்க." அக்காவுக்குக் காது ரெண்டும் சிவந்துச்சு. "நீ பேசப் போறியா?" "நீங்க வேணாம்னா எழுந்து மன்னிப்புக் கேட்டுடறேன். சாயங்காலத்துக்குள்ள சார் வந்து பேசிடுவாரு." "உன்னை நம்பியா நான் வந்தேன்? அவரு பேரைக் கேட்டுத்தானே வந்தேன். என் கடைன்னா உனுக்கு வெளையாட்டா?" பல்லைக் கடிச்சுக்கிட்டு, உதடு அசையாம. ஒவ்வொரு வார்த்தையும் சரிதான். "வெளையாட்டு இல்லக்கா. தப்பு என்னோடதுதான். போய் மன்னிப்புக் கேட்டுடறேன்," எழுந்தேன். கவுனைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. "இரு. உங்க சாரு வந்தா இன்னா பேசுவாரு?" "அது வந்துக்கா..." "சொல்லு. என்கிட்ட சொல்லு." சொன்னேன். காதோரமா, கிசுகிசுன்னு, முதல்ல தடுமாறி அப்புறம் விடாம. நீங்க ஆடி மாசமே சாவியைக் கொடுத்துட்டுக் காலி பண்ணிட்டீங்கன்னு சண்முகராஜ் பதில் மனுவுல எழுதியிருக்கான். அடுத்த பக்கத்துலேயே, பூட்டை அகற்றப் போனப்ப நீங்க தகராறு பண்ணீங்கன்னும் எழுதியிருக்கான். சாவி அவன்கிட்ட இருந்துதுன்னா எதுக்குக்கா பூட்டை உடைக்க ஆளு? காலி பண்ண இடத்துல யாருக்கா தகராறு பண்றது? கடை உங்க கையிலதான் இருக்குன்னு அவனே ஒத்துக்கிட்டான். இப்போதைக்கு கோர்ட்டுக்கு அவ்ளோதான் வேணும், கடை யாரோடதுங்கறது அப்புறம். அக்கா என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "எனுக்கே புரியுது. எனுக்குப் புரிஞ்சா அந்த அய்யாவுக்குப் புரியாதா?" "அக்கா, நல்லா யோசிச்சுக்கோங்க." "யோசிச்சு யோசிச்சுத்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை வுட்டுட்டு வந்து ஒக்காந்துனு கீறேன். போ. முன்னாடி போய் நில்லு. எங்க கடையில கிரைண்டர் ஓடச்சொல்லோ பேசுவோமே, அப்படிப் பேசு. ஒளர்னேன்னு வையி, உன்னைச் சும்மா வுட மாட்டேன்." அப்பவே கிளார்க் எங்க கேஸ் பேரை வாசிச்சுட்டாரு.

ஓடினேன். கோர்ட்டுல ஓடக்கூடாது, ஓடினேன். மைதிலி மேடம் ஏற்கெனவே எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சாச்சு, அதே குரல், ஒரு பிசிறு இல்ல. வாடகை ஒப்பந்தம் இல்ல, ஆடி மாசமே காலி செஞ்சுட்டாங்க, இல்லாத குடித்தனத்துக்குத் தடை எதுக்கு, நீட்டிக்கக் கூடாது. முடிச்சுட்டு உக்காந்தாங்க. ஜட்ஜ் என்னைப் பாத்தாரு. சொல்லுங்க. மே இட் ப்ளீஸ் யுவர் ஆனர், அது வந்துடுச்சு, தண்ணி மாதிரி வந்துடுச்சு, அடுத்த வரி, ராத்திரி எழுதி வெச்ச அந்த இங்கிலீஷ் வரி, எங்க போச்சு? காணோம். அம்மா பூண்டுத் தோலோட எதிர்ல உக்காந்திருக்கு. தள்ளுபடி. ஃபேன் சுத்துது. ஜட்ஜே கேட்டாரு, "ஒப்பந்தம் ஏதாவது இருக்கா?" "இல்ல, யுவர் ஆனர்." இல்லன்னா சொன்னேன்? உண்மை அதுதானே, வேற என்னத்தைச் சொல்றது. பின்னாடி ஒயர் கூடை கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு, அது அக்காவோடதான்னு கூடத் தெரியாது, ஆனா அந்த இடத்துல வாய் தொறந்துக்கிச்சு. "ஒப்பந்தம் இல்ல யுவர் ஆனர். ஆனா இப்ப கேள்வி கடை யாரோடதுங்கறது இல்ல, கடையில யார் இருக்காங்கங்கறதுதான். அதுக்குப் பதில் அவங்க மனுவுலேயே இருக்கு." பக்கம் சொன்னேன், வரி சொன்னேன். "சாவியைக் கொடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. சாவி கையில இருக்கறவரு பூட்டை உடைக்க எதுக்கு யுவர் ஆனர் ஆள் கூட்டிட்டுப் போகணும்?" எந்த பாஷையில பேசினேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, முழுக்கத் தமிழ், ஜட்ஜும் தடுக்கல. என் குரல் எனக்கே கேக்குது, உசந்துதான் இருக்கு, பரவாயில்ல, கிரைண்டர் ஓடுது, கத்தித்தான் பேசணும். ஜட்ஜ் பக்கத்தைப் புரட்டினாரு. திரும்பப் புரட்டினாரு. மைதிலி மேடம் பக்கம் பாத்து, "இந்தப் பத்திக்கு என்ன சொல்றீங்க?" மேடம் எழுந்தாங்க. ஏதோ சொன்னாங்க, நல்லாத்தான் சொன்னாங்க, ஆனா பேனா மூடியை இந்தத் தடவை கழட்டல. ஜட்ஜ் நேரா பின்னாடி பாத்து, "இங்க வந்திருக்காங்களா அந்தம்மா? கடை இப்ப தொறந்திருக்காம்மா?" அக்கா எழுந்து, "தொறந்துதான் கீது அய்யா. தங்கச்சி மாவு ஆட்டினுகீறா." ஹால்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஜட்ஜ் சிரிக்கல, ஸ்டெனோ பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல மெதுவா சொல்ல ஆரம்பிச்சாரு. இருதரப்பும் கேட்கப்பட்டது. கடை வாதியின் அனுபவத்தில் இருப்பது முதற்கட்டமாகத் தெரிகிறது. வார்த்தை ஒவ்வொண்ணா காதுல விழுது, எனக்குள்ளேயே தமிழாயிட்டே வருது, இடைக்காலத் தடை, மறு உத்தரவு வரும் வரை, நீட்டிக்கப்படுகிறது. நீட்டிக்கப்படுகிறது. அய்யோ நீட்டிக்கப்படுகிறது! மேஜையைப் பிடிச்சுக்கிட்டேன், இல்லன்னா குதிச்சிருப்பேன்.

அப்பத்தான் கிளார்க் தலையைத் தூக்காமலே கேட்டாரு, "வாதி தரப்பு யாரு?" ஆர்டர்ல வாதாடுன வக்கீல் பேரு எழுதணுமே, அதுக்கு. நான் உடனே சொன்னேன், யோசிக்கவே இல்ல, "தணிகாசலம் சார்." அப்படித்தான் சொல்லுவேன், எந்த ஹால்ல யார் கேட்டாலும். கிளார்க் எழுதப் போனாரு. பின்னாடியிலேருந்து ஒரு குரல், கிரைண்டர் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகுன குரல், ஹால் அதிர்ந்துச்சு. "இல்லீங்கய்யா! அவரு வரவே இல்ல. பேசுனது இந்தப் பொண்ணுதான். அதும் பேரை எழுதுங்க." டவாலி உஸ்ஸுன்னு பாய்ஞ்சாரு. அக்கா உக்காரல, நின்னுக்கிட்டே இருந்தாங்க, கையால என்னைக் காட்டிக்கிட்டு. ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டினாரு. செத்தோம்னு நெனைச்சேன். "உங்க பேர் என்னம்மா?" "மணிமொழி, யுவர் ஆனர். கு. மணிமொழி." அதையும் ஸ்டெனோகிட்ட சொன்னாரு, கீபோர்டுல தட்டுற சத்தம் கேட்டுச்சு. மைதிலி மேடம் என்னைத் தாண்டிப் போகும்போது, "இதோட விடமாட்டேன், மேல்முறையீட்டுல பாக்கலாம்"னு சொல்லி லேசா சிரிச்சாங்க. நான் தலையாட்டினேன், கட்டைச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய வந்தேன், கால் தரையில படல. வராண்டாவுல அக்கா ஓடி வந்து என் கையைப் பிடிச்சாங்க. முகமெல்லாம் வேர்த்து, கண்ணு ரெண்டும் என் முகத்துலேயே தேடுது. "இன்னாமா சொன்னாரு அவரு இங்கிலீஷ்ல? கடை போச்சா, இருக்கா?" அப்படியே நின்னுட்டேன். இந்தம்மாவுக்குத் தெரியாது. எந்திரிச்சு நின்னு என் பேரை எழுதச் சொன்னப்ப, ஜெயிச்சோமா தோத்தோமான்னே தெரியாது. இருக்குக்கா, கடை இருக்கு, யாரும் தொட முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், பொலபொலன்னு அழுகை வந்துடுச்சு. "அய்யய்யோ, போச்சா?" "இல்லக்கா, இல்லக்கா, ஜெயிச்சுட்டோம்."